ஐந்து நட்சத்திரம் விழுந்த கதை

சித்தப்பாவுக்கு ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "எல்லாம் ஆன்லைன்லயே முடிச்சிடலாம்னு போட்டிருக்கான். நீ பக்கத்துல மட்டும் உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். கை வைக்கவில்லை. அவர் எங்கே திணறுகிறார் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

போனில் பக்கம் திறந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் ஒரு விரலால் நிதானமாக அடித்தார். போட்டோ கேட்டது, ஏற்றினார். கீழே இருந்த 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். "தொங்குதுடா" என்றார். தொங்கவில்லை. போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்தின் உச்சியில் சின்னச் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ பக்கத்தின் அடியை. ஒருவழியாக அதைக் கண்டுபிடித்து, போட்டோவைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் 'உங்கள் அமர்வு முடிந்துவிட்டது' என்று வந்துவிட்டது. மீண்டும் லாகின், ஓடிபி, பெயர், பிறந்த தேதி. மூன்றாவது முயற்சியில் விண்ணப்ப எண் கிடைத்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது.

அதற்கு அடுத்த திரையில் 'எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்' என்று ஐந்து நட்சத்திரங்கள் நின்றன. சித்தப்பா யோசிக்காமல் ஐந்தையும் தொட்டார்.

"இவ்வளவு பாடுபட்டுட்டு அஞ்சா போடுறீங்க?"

"குறைச்சுப் போட்டு, அதைப் பார்த்துட்டு அவன் ஃபைலை ஓரமா வெச்சுட்டான்னா?"

அந்த ஐந்து நட்சத்திரமும் எங்கோ ஒரு சராசரியில் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தச் சராசரி ஓர் அறிக்கையில் ஏறியிருக்கும். அரசு இணையதளங்கள் மக்களுக்கு எவ்வளவு தூரம் பயன்படுகின்றன என்று அளப்பதில் இருக்கும் சிக்கல் முழுக்க இந்த ஒரு தொடுதலில் அடங்கியிருக்கிறது. முக்கால் மணி நேரம் எங்கேயும் பதிவாகவில்லை. பயத்தில் விழுந்த நட்சத்திரம் பதிவாகிவிட்டது. இரண்டாவது முயற்சியிலேயே போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன இன்னொரு மனிதருக்கு நட்சத்திரத் திரையே வந்திருக்காது. கடைசிப் பக்கத்தில் வைக்கிற கருத்துக்கணிப்பு, கரை சேர்ந்தவர்களிடம் மட்டும் கடல் எப்படி என்று கேட்கிறது.

இந்த அளவீடுகள் தொடங்கிய காலத்தில் கேள்வியே வேறாக இருந்தது. 2001 வாக்கில் பல நாடுகளில் துறைக்கு ஒரு தளம் இருப்பதே பெரிய விஷயம். அந்த ஆண்டு கேரன் லேன், ஜங்வூ லீ என்ற இரு ஆய்வாளர்கள் மின்னாளுகையின், அதாவது அரசு வேலைகளை இணையம் வழியே நடத்துவதன், வளர்ச்சியை நான்கு படிகளாக வகுத்தார்கள். முதலில் தகவலை எடுத்துப் போடுவது, அடுத்து விண்ணப்பம், கட்டணம் போன்றவற்றை அதிலேயே முடிப்பது, பிறகு ஒரே துறையின் மேல்மட்டமும் கீழ்மட்டமும் இணைவது, கடைசியில் துறைகள் ஒன்றோடொன்று இணைவது. ஐக்கிய நாடுகள் அவையும் அதே காலத்தில்தான் உலக நாடுகளை அளக்கத் தொடங்கியது. இன்று அந்த ஆய்வு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, 193 உறுப்பு நாடுகளையும் வரிசைப்படுத்துகிறது. 2010, 2012, 2014 ஆண்டுகளில் தென் கொரியா முதலிடம், 2016இல் பிரிட்டன், 2018 முதல் 2024 வரை நான்கு முறையும் டென்மார்க். பட்டியல் வந்ததும் 'எத்தனை இடம் ஏறினோம்' என்று செய்திக்குறிப்புகள் பறக்கும்.

அந்தத் தரவரிசைக்குள் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது மூன்று குறியீடுகளின் சராசரி. ஒன்று இணையச் சேவைகள். இன்னொன்று தொலைத்தொடர்பு, அதாவது எத்தனை பேரிடம் மொபைல் இணைப்பு, எத்தனை பேரிடம் அகன்ற அலைவரிசை என்பது. மூன்றாவது மனித வளம், அதாவது எழுத்தறிவு, பள்ளிப் படிப்பு போன்றவை. ஆக, மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு எந்த இணையதளத்தையும் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. செல்போன் கோபுரமும் பள்ளிக்கூடமும் பெருகினால் இடம் மேலே போகும். நாட்டின் தயார்நிலையை அளக்கிற கருவியாக இதில் தப்பில்லை. ஆனால் 'எங்கள் தளங்கள் சிறப்பாக இருக்கின்றன' என்பதற்குச் சான்றாக அதை நீட்டுவது, உடம்பு எடையைக் காட்டி நன்றாக ஓடுவேன் என்பது மாதிரி.

மிச்சமுள்ள ஒரு பங்கிலும் பெரும்பாலான கேள்விகள் 'இந்த வசதி இருக்கிறதா, இல்லையா' வகை. தேடல் பெட்டி இருக்கிறதா? இருக்கிறது. அதில் தேடினால் கிடைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்க ஆளும் நேரமும் வேண்டும். மொழி மாற்றும் பொத்தான் இருக்கிறதா? இருக்கிறது. அழுத்தினால் மெனு மட்டும் மாறும், உள்ளே ஆவணம் பழைய மொழியிலேயே நிற்கும். எனக்கென்றே ஒரு தனி எரிச்சல் உண்டு: பக்கத்தின் அடியில் 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்று இன்றைய தேதி தெரியும். பல தளங்களில் அது தினமும் தானாக மாறும் தேதி, அவ்வளவுதான். மேலே இருக்கும் அறிவிப்பு மூன்று வருடத்துக்கு முந்தையது. சோதனைப் பட்டியல் வைத்துப் பார்ப்பவர் அங்கே ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஐரோப்பிய ஆணையத்தின் ஆண்டு ஆய்வு இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அங்கே வேலை போவது, தொழில் தொடங்குவது, வீடு மாறுவது என்று வாழ்க்கை நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் குடிமகன் மாதிரி போய்ப் பார்க்கும் ஆட்களை வைத்து, அந்த நிகழ்வுக்கு வேண்டிய வேலைகளை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்க்கச் சொல்கிறார்கள். வேலை போனவருக்கு எந்தத் துறை எந்தப் படிவத்தைக் கையில் வைத்திருக்கிறது என்று தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு வேலை போய்விட்டது, அவ்வளவுதான் தெரியும். அங்கிருந்து தொடங்குகிற மதிப்பீடு துறையின் வாசலிலிருந்து தொடங்குகிற மதிப்பீட்டைவிட எப்போதும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனாலும் அந்த ஆட்கள் பயிற்சி பெற்றவர்கள், நல்ல கணினியில் வேலை செய்பவர்கள். சித்தப்பா இல்லை.

ஒரு கடையின் தளத்தை அளக்கும் கருவிகளை அப்படியே எடுத்து அரசுத் தளத்தின் மேல் வைப்பதுதான் அடுத்த கோளாறு. கடைத் தளம் சரியில்லையென்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். விற்பனை குறையும், உடனே தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழுக்கு வேறு கடை கிடையாது. தளம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கூட்டம் குறையாது. இன்னும் கேட்டால், மோசமாக இருக்க இருக்க வருகை எண்ணிக்கை கூடும். ஒரே ஆள் நாலு தடவை வருவார். ஒரு பக்கத்தில் சராசரியாக ஆறு நிமிடம் செலவிடுகிறார்கள் என்றால், செய்தித் தளத்துக்கு அது கொண்டாட்டம். அரசுத் தளத்தில் அந்த ஆறு நிமிடம் ஆழ்ந்து படித்ததா, வழி தெரியாமல் சுற்றியதா என்று எண்ணை வைத்து மட்டும் சொல்லவே முடியாது.

வருகை எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தளத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2013 அக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்பீட்டுக்காக அது திறக்கப்பட்டது. முதல் நாளில் 47 லட்சம் பேர் வந்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. பின்னால் வெளியான உள்கூட்டக் குறிப்புகளின்படி அந்த நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். ஆறு லட்சம் இல்லை, ஆறு. காரணங்கள் பல. குடிமகன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று முக்கியம்: என்னென்ன திட்டம், என்ன விலை என்று சும்மா பார்ப்பதற்குக்கூட முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கணக்குத் தொடங்கும் வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். வாசலுக்கு வந்தவர் கணக்கும் உள்ளே போனவர் கணக்கும் வேறு வேறு என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய நாள் இன்னொன்று இல்லை.

சரி, அப்போது எதைத்தான் எண்ணுவது? பிரிட்டன் 2011இல் அரசு டிஜிட்டல் சேவை என்று தனி அமைப்பைத் தொடங்கி, 2012 அக்டோபரில் சிதறிக் கிடந்த தளங்களின் இடத்தில் கவ்.யூகே என்ற ஒரே தளத்தைக் கொண்டுவந்தது. அந்த அமைப்பு ஒவ்வொரு சேவையும் நான்கு எண்களைச் சொல்ல வேண்டும் என்று வைத்தது: ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் செலவு, பயனர் திருப்தி, தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், மொத்தப் பயனர்களில் எத்தனை பேர் இணைய வழிக்கு வந்தார்கள்.

இந்த நான்கில் கடைசி எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. கவுண்டரை மூடிவிட்டால் இணைய வழிக்கு வருபவர் நூற்றுக்கு நூறு ஆகிவிடுவார்கள். டென்மார்க் 2014 நவம்பரிலிருந்து அரசுக் கடிதங்களை அதற்கென்றே உள்ள டிஜிட்டல் அஞ்சல் பெட்டியிலேயே பெற வேண்டும் என்று கட்டாயமாக்கியது, முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று ஒரு வழியும் வைத்தது. கட்டாயம் இருக்கும் இடத்தில் பயன்பாட்டு விகிதம் சட்டம் அமலாகிறதா என்பதைத்தான் சொல்லும். தளம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் விலக்குக் கேட்டவர்கள் யார், ஏன் கேட்டார்கள் என்று பார்ப்பது அதிகம் உதவும்.

மூன்றாவது எண், முடித்தவர் விகிதம், அதுதான் சரக்கு. அதே பிரிட்டனின் அனுபவம் ஒன்று. அரசுச் சேவைகளுக்கு இணையத்திலேயே அடையாளம் நிரூபிக்க வெரிஃபை என்ற அமைப்பை 2016இல் முழு அளவில் கொண்டுவந்தார்கள். 2020க்குள் 2.5 கோடிப் பேர் என்பது இலக்கு. 2019இல் நாட்டின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது 36 லட்சம் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அதைவிட முக்கியம், முயன்றவர்களில் 48 சதவீதத்தினருக்குத்தான் அடையாளம் உறுதியானது. 90 சதவீதம் என்று கணித்திருந்தார்கள். இரண்டில் ஒருவர் வாசலிலேயே திரும்பியிருக்கிறார். 'இத்தனை லட்சம் பேர் இணைந்தார்கள்' என்ற எண் மட்டும் வெளியே வந்திருந்தால் இது வளர்ந்துகொண்டே போகும் வெற்றிக் கதையாகத் தெரிந்திருக்கும். அந்த அமைப்பு பின்னால் மூடப்பட்டது.

முடித்தவர் விகிதத்திலும் சூது உண்டு. 'தொடங்கியவர்' யார்? முதல் பக்கத்தைத் திறந்தவரா, லாகின் செய்தவரா, படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்பி 'அடுத்து' அழுத்தியவரா? மூன்றாவதை எடுத்துக்கொண்டால் விகிதம் அழகாக உயரும். ஓடிபி வராமல் கழன்றுபோனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். இதற்கு நேர் எதிரான அநியாயமும் நடக்கும். தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே தெளிவாகக் கேட்கும் தளத்தில், தகுதியில்லாதவர் இரண்டாவது பக்கத்தில் 'சரி, நமக்கு இல்லை' என்று வெளியேறுவார். அது தளத்தின் வெற்றி, ஆனால் எண்ணில் தோல்வியாகத் தெரியும். அதனால் மொத்த விகிதத்தைவிட எந்தப் பக்கத்தில், எந்தப் பெட்டியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற விவரம்தான் பயன் தரும். போட்டோ ஏற்றும் இடத்தில் நூறில் முப்பது பேர் காணாமல் போகிறார்கள் என்றால், அதற்கு மேல் கருத்தரங்கம் எதுவும் தேவையில்லை. 50 கேபி வரம்பை எடுத்துவிட்டு, சுருக்கும் வேலையைக் கணினியிடம் விட்டால் போதும்.

ஏன் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதை எண் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தால் ஒரு தளத்தின் குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000இல் சொன்னது இந்தத் துறையில் கிட்டத்தட்ட வேதவாக்கு. அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: ஒவ்வொரு குறையும் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரைத் தொடும் என்பது. அப்படிப்பட்ட குறைகளுக்கு ஐந்து பேர் போதும். நூற்றில் ஐந்து பேரை மட்டும் தொடும் குறை, ஐந்து பேர் சோதனையில் தலைகாட்டுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் அந்த ஐந்து சதவீதத்தை விட்டுவிட்டு லாபம் பார்க்கலாம். அரசால் அப்படி விட முடியாது, ஏனென்றால் அந்த ஐந்து சதவீதத்தில்தான் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர் இருக்கிறார், படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுக்கிறது. நிரந்தர முகவரி இல்லாதவர் இருக்கிறார். கைரேகை தேய்ந்துபோனவர், கணவர் பெயரில் இருக்கும் போனுக்கு ஓடிபி போகிறவர், எல்லோரும் அங்கேதான். சேவை யாருக்கு மிக அவசியமோ அவர்களே சோதனைக்கு வர வாய்ப்பில்லாதவர்கள்.

கண்ணில் படாத இன்னொரு கூட்டம் இடையாட்கள். காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர், மகன், மருமகள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன். தளத்தின் பதிவேட்டில் சேவையைப் பெற்றவர் ஒரு மூதாட்டி, பயன்பாடு வெற்றி. உண்மையில் அவர் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க அதே படிவத்தை நிரப்பும் இடையாளுக்கு எந்தப் பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கைக்கே தெரியும். அவர் வேகமாக முடித்துவிடுவார், சராசரி நேரம் குறையும், தளம் எளிமையாக இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். இடையாளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அவர்தான் ஒரே வழி. ஆனால் எத்தனை விண்ணப்பம் பிறர் கையால் வருகிறது என்று கேட்காத மதிப்பீடு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது. விண்ணப்பத்திலேயே 'இதை நிரப்புவது நீங்களா, வேறொருவரா' என்று ஒரு கேள்வி வைத்தால் போதும். தண்டனை வராது என்று தெரிந்தால் ஜனங்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

சொற்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு படிவத்தின் தலையில் இப்படி இருந்தது: 'மேற்கண்ட ஆவணங்களை உரிய காலத்திற்குள் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில் விண்ணப்பமானது மேல்நடவடிக்கையின்றி முடித்துவைக்கப்படும்.' படித்துவிட்டு சித்தப்பா கேட்டார்: "முடிச்சு வெச்சிடுவாங்கன்னா நல்லதுதானே?" அவர் கேட்டதில் என்ன தப்பு? வேலையை முடித்துவைப்பதும் கோப்பை மூடுவதும் அலுவலக மொழியில்தான் ஒன்று. '30 நாளுக்குள் இந்த மூன்று ஆவணங்களையும் ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் உங்கள் விண்ணப்பம் ரத்தாகும். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்' என்று எழுத யாரும் தடுக்கவில்லை. இப்படி எழுதினால் சட்டப்படி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். அமெரிக்காவில் அரசு ஆவணங்கள் எளிய நடையில் இருக்க வேண்டும் என்று 2010இல் சட்டமே போட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மொழியை அளக்க ஒரு சுலப வழி இருக்கிறது. தளத்தின் தேடல் பெட்டியில் ஜனங்கள் அடித்து 'முடிவுகள் இல்லை' என்று வந்த சொற்களின் பட்டியலைக் கேளுங்கள். மக்கள் 'பேர் மாற்றம்' என்று தேடுவார்கள், துறை அதற்குப் 'பதிவுருத் திருத்தம்' என்று பெயர் வைத்திருக்கும். அந்தப் பட்டியல் எல்லாத் துறையின் சர்வரிலும் சும்மா கிடக்கிறது. அதைப் படிக்கிற அதிகாரியைத்தான் தேட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் மட்டும் ஓரளவு கறாரான அளவுகோல் உள்ள பகுதி. உலகளாவிய வலை கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டி 1999இல் முதலில் வந்தது, 2008, 2018, 2023 ஆண்டுகளில் அடுத்தடுத்த பதிப்புகள். பல நாடுகள் அதைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டன. இது பார்வையில்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதைத் திறந்து பார்த்ததில்லை. நேர வரம்பு வைத்தால், அதை முன்பே நீக்கவோ மாற்றவோ விட வேண்டும், இல்லையென்றால் முடியும் முன் எச்சரித்து, ஒரே தொடுதலில் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிலை விதிகளில் ஒன்று, 2008 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரே நடைமுறைக்குள் ஒருமுறை கொடுத்த தகவலை மறுபடி அடிக்கச் சொல்லாதே என்பது 2023இல் சேர்ந்தது. முதல் விதி நடப்பில் இருந்திருந்தால் சித்தப்பாவின் முக்கால் மணி நேரம் பாதியாகியிருக்கும்.

ஆனால் இங்கேயும் கருவிகள் ஏமாற்றும். தளத்தின் முகவரியைக் கொடுத்தால் மதிப்பெண் தரும் இலவசச் சோதனைக் கருவிகள் நிறைய உண்டு. மேலே சொன்ன பிரிட்டன் டிஜிட்டல் குழு 2017இல் வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கத்தை உருவாக்கி, அந்தக் கருவிகளை அதன்மேல் ஓட்டிப் பார்த்தது. மிகச் சிறந்த கருவியே சுமார் 40 சதவீதத் தடைகளைத்தான் பிடித்தது. படத்தைப் பார்க்க முடியாதவருக்குப் படித்துக்காட்ட மாற்று வாசகம் இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியும். அந்த வாசகம் 'படம்1' என்று மட்டும் சொல்கிறது என்பது தெரியாது. மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, விசைப்பலகையின் டேப் விசையால் மட்டும் ஒரு படிவத்தை முடிக்கப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கருவி சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா புதிர் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் பயணம் முடியும்.

சமர்ப்பித்ததோடு வேலை முடிந்தது என்று தளம் நினைக்கிறது, குடிமகனுக்கு அங்கேதான் தொடக்கம். 'பரிசீலனையில் உள்ளது' என்ற மூன்றாவது வாரத்து வரியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே: யாரிடம் இருக்கிறது, எப்போது முடியும். பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்ற பொது நிர்வாக ஆய்வாளர்கள் அரசிடம் ஒன்றைப் பெற மக்கள் கொடுக்கும் விலையை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: தெரிந்துகொள்ளும் சிரமம், நிபந்தனைகளை நிறைவேற்றும் சிரமம், மனச்சுமை. நம் மதிப்பீடுகள் பெரும்பாலும் நடுவில் உள்ளதன் ஒரு துண்டை மட்டும் அளக்கின்றன. மனச்சுமை என்ற மூன்றாவதுதான் சித்தப்பாவை ஐந்து நட்சத்திரம் போடவைத்தது.

நான்காவது வாரம் சித்தப்பா நேரிலேயே போனார், நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தின் பிரிண்ட் கேட்டார். நல்லவேளை, எடுத்துவைத்திருந்தோம். அதை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அவருடைய திரையில் அடிக்க ஆரம்பித்தார். தளம் ஓர் அமைப்பு, அலுவலகத்தின் மென்பொருள் வேறு அமைப்பு, இரண்டுக்கும் நடுவில் பாலம் அந்த மனிதரின் விரல்கள். இதற்கு எதிர்முனையில் எஸ்தோனியா இருக்கிறது. 2001இலிருந்து எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு வழியாகத் துறைகளின் தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரே தகவலைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளம் அமைக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. அங்கே குடிமகன் கண்ணுக்குத் தெரியும் பக்கம் அழகாக இல்லாமல் போனாலும் பரவாயில்லை, நிரப்ப வேண்டிய பெட்டிகளே குறைவு. பின்கட்டைப் பார்க்காமல் முகப்பை மட்டும் அளக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே மாட்டார்கள். ஒரு தளத்தை மதிப்பிட வந்தவரிடம் நான் சொல்வது, அந்தத் துறையின் உதவி எண்ணுக்கு ஒரு நாளில் வரும் அழைப்புகளைக் கேளுங்கள் என்பதுதான். 'என் விண்ணப்பம் என்ன ஆச்சு' என்ற அழைப்பு எத்தனை, 'எங்கே ஏற்றுவது' என்ற அழைப்பு எத்தனை? தளம் செய்யத் தவறிய ஒவ்வொன்றும் அங்கே ஒரு மணியாக அடிக்கிறது.

நீங்களே ஒரு தளத்தைச் சோதிக்க நினைத்தால் முகப்பிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தொலைந்த சான்றிதழுக்கு நகல் வாங்குவது மாதிரி. தேடுபொறியில் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே அடியுங்கள், முதல் முடிவு அரசுத் தளமா, அதைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளமா என்று பாருங்கள். பழைய போன், சுமாரான சிக்னல். எத்தனை ஆவணம் கேட்கும் என்று தொடங்கும் முன்பே சொல்கிறதா? நடுவில் நிறுத்தி நாளைக்குத் தொடர முடிகிறதா? வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்யுங்கள், அது தப்பு என்று மட்டும் சொல்கிறதா, எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்கிறதா? கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வேலையை உங்களைவிட இருபது வயது மூத்தவர் ஒருவரைச் செய்யச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். நான் அன்றைக்கு இரண்டு தடவை வாயைத் திறந்துவிட்டேன். அந்த முக்கால் மணி நேரம் என் உதவியோடு ஆனது.